மேசையோடுதான் வருவேன்

ஐயா,

நான் நலமாக இருக்கிறேன், கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள். உன் கடிதத்தைத் தபால்காரர் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். கம்பவுண்டர் பக்கத்தில் நின்றதால் சிரித்த முகம் மாறாமல் படித்து முடித்தேன். தையில் கல்யாணம் என்று முடிவானதில் எனக்குச் சந்தோஷம். பாலக்காட்டுச் சித்தூரில் வீடு பார்த்துவிட்டாய், முன் அறைக்குக் கிழக்கே ஜன்னல், பின்பக்கம் கிணறும் துவைகல்லும் கொஞ்சம் காலி இடமும் இருக்கிறது, அங்கே ரோஜா வைக்கப் போகிறாய் என்று எழுதியதும் சந்தோஷம். கடைசியில் எழுதியிருந்தாய் பார், அதைத்தான் இரண்டு தரம் படித்தேன். "நீ ஓடினது போதும், இனி இங்கே வந்து சும்மா உட்கார்ந்து சாப்பிடு. அந்தப் பொம்மைக் கார் பெட்டிகளையும் மேசையையும் லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வா. சின்ன வீடு. பெண் வீட்டார் வந்து போவார்கள். அவர்கள் சம்மதித்ததே பெரிய காரியம். இதைப் பார்த்து ஏதாவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்."

அப்படியானால் நான் வரவில்லை என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் அம்மாவுக்கு ஒரு வரியில் பேசி என்றைக்கு வழக்கம்? விஷயம் இதுதான். தை கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. இந்த குவார்ட்டர்ஸ் புதிதாக வரும் மருத்துவச்சிக்குப் போய்விடும். நல்ல பெண், போன வாரம் வந்து ஜன்னலுக்குத் திரைத்துணி அளந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு நான் போய்ச் சேர இரண்டு இடம் உண்டு. ஒன்று உன் வீடு. இன்னொன்று குமுளியில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே இருக்கிற டாக்டரம்மா, ஒரு அறையும் சாப்பாடும் தருகிறேன், பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார்கள். எனக்கு உன்னோடு இருக்கத்தான் ஆசை. ஆனால் என் மேசை இல்லாத வீட்டில் இருக்க ஆசை இல்லை. அது ஏன் என்பதை நீ பெரியவனான பிறகும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அலுக்காமல் படி.

இந்தக் கார் கட்டும் கிறுக்கு மூன்று வருஷமாகத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது வந்தபோது உனக்கு நடை பழகுகிற வயது. பெரிய பங்களாவில் துரைசாணிக்கு மாதம் நெருங்கிவிட்டது. அந்த வருஷம் மழையில் பாதை இரண்டு இடத்தில் சரிந்துபோனதால், கோட்டயத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அதனால் என்னைப் பங்களாவிலேயே வந்து இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழில் 'தண்ணி', 'சீக்கிரம்' இரண்டும் தெரியும். எனக்கு இங்கிலீஷில் பிரசவத்துக்கு வேண்டியது மட்டும் தெரியும். வலி வரும்வரை அந்த இங்கிலீஷும் எதற்கும் உதவாது. வெளியே மழை, உள்ளே கணப்பு, நடுவில் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் அந்த அம்மா அலமாரியில் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் கொட்டினாள். துரையின் பிறந்தநாளுக்கு அவள் தம்பி அனுப்பியதாம், துரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் மேலே பெரிய பெரிய விளக்கு வைத்த பழங்காலத்துக் கார் ஒன்றின் படம். உள்ளே அதே கார், துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில், ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்கின மாதிரி.

அவளுக்கு இருந்த வயிற்றுக்கு மேசையை நெருங்க முடியவில்லை. அதனால் அவள் காகிதத்தைப் பார்த்து விரலால் காட்டுவாள், நான் வெட்டி ஒட்டுவேன். முதல் துண்டைச் சட்டத்தில் இருந்து எடுக்கும்போதே என் கைக்கு அந்த வேலை பிடிபட்டுவிட்டது. தொப்புள்கொடியை ஒட்ட வெட்டக் கூடாது, கொஞ்சம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். இதுவும் அப்படித்தான். கொஞ்சம் விட்டு வெட்டி, மிச்சத்தை மெதுவாகத் தேய்த்து எடுத்தால் துண்டு பின்னமாகாது. பசையை ஈர்க்குச்சி நுனியால் தொட்டுத்தான் வைக்க வேண்டும், கூடினால் கண்ணாடியில் புகை படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். நான் ஒரு துண்டைச் சரியாகப் பொருத்தினால் அந்த அம்மா "சீக்கிரம், சீக்கிரம்" என்று கைதட்டுவாள். பாராட்ட அவளுக்கு வேறு வார்த்தை தெரியாது. நான்காவது சக்கரம் ஒட்டுவதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை, நல்ல எடை. அவள் பத்தியம் முடிந்த பிறகுதான் அந்தச் சக்கரத்தை ஒட்டினோம்.

அவர்கள் சீமைக்குத் திரும்பிப் போனபோது எனக்கென்று இரண்டு பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒன்றை என்ன செய்தேன் தெரியுமா? வேக வைத்தேன். சிரிக்காதே. படம் போட்ட காகிதத்தில் முதல் படத்தில் துண்டுகளைத் தண்ணீரில் கழுவுவதாக இருந்தது. கொதிக்காத தண்ணீரில் கழுவினால் அது கழுவினதே இல்லை என்று படித்துத் தேறியவள் நான். கத்திரிக்கோலை எப்படிக் கொதிக்க வைப்பேனோ அப்படியே அந்தக் காரையும் பாத்திரத்தில் போட்டு, மூடி வைத்து, நேரம் பார்த்து இறக்கினேன். திறந்தால் கூரை உள்ளே விழுந்து, கதவு ஒரு பக்கம் பிதுங்கி, வெயிலில் கிடந்த மெழுகுபோல் ஆகிவிட்டது. உன் அப்பா ஃபேக்டரி இஞ்சின் ரூமில் இருந்து எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தார். "பிள்ளையத்தான் வெந்நில குளிப்பாட்டுவாங்க, ஏட்டி. காரைப் போயி வேக வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு இருவரும் சேர்ந்து, மறுபடி சூடுதண்ணீரில் முக்கி, இளகியிருக்கும்போதே விரலால் நீவி நீவிக் கூரையைத் தூக்கினோம். நிமிர்ந்தது. கதவு மட்டும் கடைசிவரை சரியாக மூடவில்லை. அந்தக் காரை வைத்துத்தான் நீ விளையாடினாய், நீயே உடைத்தும் போட்டாய்.

அப்பா போன பிறகு இன்னொரு பெட்டி டிரங்குக்குள் அவர் சட்டைகளுக்குக் கீழே போய்விட்டது. துக்கத்தில் விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல, நேரமில்லை. பகலில் டிஸ்பென்சரி, மற்ற நேரம் எந்த லயத்தில் எவளுக்கு வலி கண்டாலும் கதவைத் தட்டுவார்கள். நடுவில் உன் பரீட்சை, உன் காய்ச்சல், உன் பிடிவாதம். நான் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அந்த வருஷங்கள் எனக்குப் பிடித்தே இருந்தன. ஆனால் பெட்டி அங்கே இருக்கிறது என்பதை ஒருநாளும் மறந்ததில்லை.

நீ சித்தூர் தாலுகா ஆபீஸ் வேலைக்குப் புறப்பட்டுப் போனதும் நான் உட்கார்ந்து அழுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழுதேன். இரண்டு நாள். அதற்கு அடுத்த நாள் டிரங்கைத் திறந்தேன். உள்ளே இருந்த பசைக் குழாய் கல்லாகியிருந்தது. ஜீப் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற பசையைப் போட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. நகப்பூச்சை வைத்து வண்ணம் பூசலாம் என்று கம்பவுண்டர் சம்சாரம் யோசனை சொன்னாள். பூசின இடம் குழைந்து பள்ளம் விழுந்தது. வேக வைத்தவளுக்கு இது ஒரு பெரிய தோல்வியா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு கேஸை அழைத்துக்கொண்டு எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் ஜீப்பில் போக நேர்ந்தது. இரட்டைப் பிள்ளை, ஒன்று குறுக்கே கிடந்தது. தாயும் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று தெரிந்த பிறகு, சும்மா காலாற நடந்தவள் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். கல்ஃபில் இருந்து வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான்களை வாங்கி விற்கிற கடை. ரேடியோவுக்கும் செண்ட் பாட்டிலுக்கும் நடுவில் பின்னால் மீன்வால் வைத்த நீள அமெரிக்கக் கார் ஒன்று பெட்டிமேல் படமாக நின்றது. பசைக் குழாயும் இருந்தது. "மோனு வேண்டியாணோ சேச்சி?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம், மகனுக்குத்தான் என்றேன். அன்று முதல் எர்ணாகுளம் போகும்போதெல்லாம் ஆமாம்தான். அந்தக் கடையைப் பொறுத்தவரை உனக்கு இன்னும் பத்து வயது, நீ படிப்பில் கெட்டி, கார் என்றால் உயிர்.

மேசையைப் பற்றிச் சொல்கிறேன். பாதி ஒட்டின காரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் சாப்பாடு பரிமாற முடியாது. ஒட்டினது காய வேண்டும். பீர்மேட்டு மழையில் பெயிண்ட் காய ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை அதை யாரும் தொடக் கூடாது, தூசி தட்டுகிறேன் என்று எவரும் வரக் கூடாது. அதற்கு ஒரு மேசை வேண்டும், அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும். இதில் இருந்து குடும்பத்துக்கு ஏதோ உபதேசம் பிழியப் போகிறேன் என்று பயப்படாதே. கார் கார்தான், குடும்பம் குடும்பம்தான். நான் சொல்ல வருவது வேறு. என் வாழ்க்கை முழுவதும் நான் யாரோ ஒருத்தியின் வலிக்கு ஓடியிருக்கிறேன். கை நடுங்கக் கூடாது, நேரம் தவறக் கூடாது, தவறினால் ஒரு உயிர். இந்த மேசையில் உட்கார்ந்தால், இன்றைக்கு ஒரு சக்கரத்தை ஒட்டாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். கோணலாக ஒட்டினாலும் யாரும் அழ மாட்டார்கள். அந்த நிம்மதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை ஐயா. அதை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று நீ எழுதினபோது எனக்கு நெஞ்சு வலித்தது. உனக்கு அது விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான் என்று தெரிந்ததில் வந்த வலி.

இனிதான் நீ பதறப் போகிறாய். உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நான்கு நாள் லீவு போட்டு, குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி உன் சரஸ்வதியின் ஊரான மீனாட்சிபுரம் போய் வந்தேன். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பஞ்சு சுற்றி அந்த மீன்வால் கார். சிரிப்பதானால் கல்யாணத்துக்கு முன்பே சிரித்துவிடட்டும், பிறகு சிரித்தால் நீயும் நானும் ஒரே வீட்டில் குன்றிப்போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீயாகப் பார்த்துப் பிடித்த பெண், அவர்கள் வேறு பேச்சு, வேறு பழக்கம், நான் மலைத்தோட்டத்து மருத்துவச்சி. என்னால் இந்தச் சம்பந்தம் முறிந்தால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

உன் மாமனார் மாட்டுத் தொழுவத்தில் இருந்து கைகழுவிவிட்டு வந்தார். மோர் கொடுத்தார்கள். நான் டின்னைத் திறந்து காரை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இதை நான்தான் செஞ்சேன் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு அப்புறமும் செய்வேன். முன்னாலேயே சொல்லிரணும்னு வந்தேன்" என்றேன். மனுஷர் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, கறவை மாடு வாங்க வந்தவர்போல் முன்னும் பின்னும் பார்த்தார். உன் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா இருமலா தெரியவில்லை.

"ஏனுங் சம்பந்தியம்மா, இது எதுக்குங்க ஆகும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. எனக்குப் பிடிச்சிருக்கு, செய்யுதேன்."

அவர் மறுபடி குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "எல்லாஞ் செரிங்க. ஸ்டீரிங்குதான் பீச்சாங்கைப் பக்கம் இருக்குது. தப்பா ஒட்டிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். அமெரிக்காவில் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பால் வண்டி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பி, அவர் வந்து ஆமாம் என்ற பிறகுதான் சமாதானமானார். அப்புறம் அந்த வளவு வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். அவர்கள் நினைத்துக்கொண்டது இவ்வளவுதான், ஐயா. நீ ராத்தூக்கம் கெட்டுப் பயந்தது இதற்குத்தான்.

சரஸ்வதி மட்டும் முன்னால் வரவில்லை. நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு செவலைக் கிடாரி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் கண் நேராகப் பார்க்கிறது.

"அத்தை, உங்க மேசைக்கு அங்க எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நீ அவளுக்குக் கடிதம் எழுதுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. மேசை விஷயம் அவளுக்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

"இனிமேத்தான் கேக்கணும் தாயி."

கிடாரியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "பொறந்த அன்னைக்கே இதோட தாய் செத்துப்போச்சுங்க. பாட்டில்ல பால் ஊத்தி நாந்தான் வளத்தேன். இப்பத் தலையீத்துச் சினைங்க. டவுன்ல குடியிருக்கறவிங்களுக்கு மாடு எதுக்குன்னு, கார்த்திகை கழிஞ்சதும் சந்தைக்கு ஓட்டறேங்கறாருங்க அப்பா. சித்தூர்ல அவிங்களுக்கு எழுதறக்கு எனக்குக் கூச்சமா இருக்குதுங்க. நீங்க கேக்கறப்ப, ஒரு மாடு கட்டற எடமும் சேத்திக் கேப்பீங்களா அத்தை?"

நான் கிடாரியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். இரண்டு கால் பிரசவம் பார்த்த கைதான், ஆனாலும் ஓரளவுக்குத் தெரியும். மாசியில் ஈனும். உன்னைக் கேட்காமல், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், இடம் இருக்கு தாயி, கட்டாயம் இருக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருந்தால் நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். உன் காலி இடத்தை அங்கேயே மனதுக்குள் அளந்துவிட்டேன். கிணற்றுக்கு இந்தப் பக்கம் நாலு கம்பு நட்டு ஓலை போட்டால் போதும். உன் ரோஜாவை மாடு கடிக்கும், அதன் சாணி உன் ரோஜாவைத் தழைக்க வைக்கும். அதை நீங்கள் மூவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என் மேசைக்கு முன் அறையில் கிழக்கு ஜன்னல் போதும். கட்டில்கூட வேண்டாம், பாய் இருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் 'சும்மா உட்கார்ந்து சாப்பிடு' என்று அன்பாகக்கூடச் சொல்லாதே. நீ என்னிடம் அதை அன்பாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை, நான்கு பேர் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறவன். அந்த நான்கு பேரை மீனாட்சிபுரத்தில் நேரில் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவர்களுக்கு ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்பதுதான் கவலை. நம் வீடு நன்றாக இருக்கும் ஐயா. ஒரு மூலையில் பெயிண்ட் வாசம், ஒரு மூலையில் சாண வாசம், நடுவில் ஆபீஸ் ஃபைலோடு நீ. நினைத்தால் எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது.

இதற்கு நீ முடியாது என்று சொல்லலாம், அது உன் வீடு. சொன்னால் நான் ஒரு நாள் அழுவேன், பிறகு என் மேசையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போய்விடுவேன், கல்யாணத்துக்கும் சிரித்த முகத்தோடுதான் வந்து நிற்பேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் போக ஒரு குமுளி இல்லை. அதனால் உன் பதிலை எனக்கு எழுதாதே. கார்த்திகை கழிவதற்குள் அவளுக்கு எழுது.

அம்மா